போரை வைத்துச் சிரிக்கலாமா? சனல் 4 காட்டிய டெரியும் நமக்கான கேள்வியும்

சனல் 4 என்ற பெயரைக் கேட்டதும் ஈழத்தமிழர் மனதில் வரும் காட்சிகள் சிரிப்புக்குரியவை அல்ல. கைகள் கட்டப்பட்ட நிர்வாண உடல்கள் சுடப்படும் காணொளியை 2009 ஓகஸ்டில் ஒளிபரப்பியது அந்த அலைவரிசைதான். 2011 ஜூன் 14 அன்று 'இலங்கையின் கொலைக்களங்கள்' ஆவணப்படத்தையும் அதுவே வெளியிட்டது. நம் வீடுகளில் பலர் அந்தப் படத்தை முழுதாகப் பார்த்ததில்லை. பார்க்க முடியவில்லை.

அதே சனல் 4 தான் 2018 ஜனவரியில் 'டெரி கேர்ள்ஸ்' என்ற நகைச்சுவைத் தொடரைத் தொடங்கியது. வட அயர்லாந்தின் டெரி நகரில் 1990களின் நடுப்பகுதியில் குண்டுகள், சோதனைச் சாவடிகள், இராணுவ ரோந்துகளுக்கு நடுவே வளரும் ஐந்து பதின்வயதினரின் கதை அது. மூன்று பருவங்களாக வந்து 2022 மே மாதத்தில் நிறைவுற்றது. பார்வையாளர் எண்ணிக்கையை இப்போதைய முறையில் கணக்கெடுக்கத் தொடங்கிய 2002 முதல் வட அயர்லாந்தில் மிக அதிகம் பேர் பார்த்த தொடர் இதுதான். போரில் அடிபட்ட மக்களே அதை விரும்பிப் பார்த்தார்கள் என்பதுதான் என்னை இந்தக் கட்டுரை எழுதத் தூண்டியது.

போரை வைத்துச் சிரிக்கலாமா? சிரித்தால் இறந்தவர்களுக்குத் துரோகமா? பொதுமக்களுக்குச் சொந்தமான ஓர் ஒளிபரப்பு நிறுவனம் அப்படியொரு சிரிப்பைத் தயாரிக்கலாமா? இந்தக் கேள்விகளுக்கு வட அயர்லாந்தில் முப்பது வருடங்களாக நடந்தவற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளக் கூடியவையும் உண்டு, எடுக்கவே முடியாதவையும் உண்டு.

பொது ஒளிபரப்பு என்றால் என்ன?

முதலில் ஒரு தெளிவு. பொது ஒளிபரப்பும் அரச ஒளிபரப்பும் ஒன்றல்ல. பிபிசி, தொலைக்காட்சி வைத்திருக்கும் வீடுகள் கட்டும் வருடக் கட்டணத்தில் இயங்குகிறது. சனல் 4 அரசுக்குச் சொந்தமானது, ஆனால் அதன் வருமானம் விளம்பரங்களில் இருந்து வருகிறது. நிகழ்ச்சிகளைப் பெரும்பாலும் வெளித் தயாரிப்பாளர்களிடம் வாங்குகிறது. புதியதைச் செய்வதும், பெரிய அலைவரிசைகளில் இடம் கிடைக்காதவர்களின் குரலுக்கு இடம் கொடுப்பதும் அதன் சட்டக் கடமைகள். இரண்டுமே அன்றைய அமைச்சரின் ஊதுகுழலாக இருக்கக் கூடாது என்பது கொள்கை.

கொள்கை எப்போதும் காப்பாற்றப்பட்டது என்று சொல்ல வரவில்லை. சனல் 4 தொடங்கியது 1982 நவம்பரில். நமது ரூபவாஹினி தொடங்கியதும் அதே 1982இல், பெப்ரவரி மாதத்தில். இரண்டும் ஒரே வயதுக்காரர். ஒன்று தன் அரசோடு அடிக்கடி மல்லுக்கட்டி வளர்ந்தது. மற்றையது ஆட்சி மாறும்போதெல்லாம் குரலை மாற்றி வளர்ந்தது. 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் நம் சனம் செத்துக்கொண்டிருந்தபோது அரச தொலைக்காட்சியில் ஓடியது வெற்றிக் கொண்டாட்டம்.

குரலுக்குத் தடை, பகிடிக்குப் பஞ்சமில்லை

வட அயர்லாந்துப் பிணக்கு 1960களின் இறுதியில் வெடித்து 1998 ஏப்ரல் 10 அன்று பெரிய வெள்ளி உடன்படிக்கையோடு பெருமளவில் ஓய்ந்தது. 3,500 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். ஐக்கிய அயர்லாந்தை விரும்பிய கத்தோலிக்கர் ஒருபுறம், பிரித்தானியாவோடு இருக்க விரும்பிய புரட்டஸ்தாந்தினர் மறுபுறம், நடுவே பிரித்தானிய இராணுவம். ஊரின் பெயரிலேயே சண்டை இருந்தது. கத்தோலிக்கருக்கு அது டெரி, மற்றவர்களுக்கு லண்டன்டெரி. மணலாறு என்பதா வெலிஓயா என்பதா என்று வாய் திறக்கும்போதே நம்மை அடையாளம் காண்பதுபோல அங்கும் ஊர்ப் பெயர் ஒன்றே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

1988 ஒக்டோபரில் பிரித்தானிய அரசு ஒரு விசித்திரமான தடையைக் கொண்டுவந்தது. ஐ.ஆர்.ஏ., சின் பெயின் உள்ளிட்ட அமைப்புகளின் பிரதிநிதிகளைத் தொலைக்காட்சியில் காட்டலாம், அவர்கள் சொல்வதை வெளியிடலாம், ஆனால் அவர்களின் சொந்தக் குரல் கேட்கக் கூடாது. ஒளிபரப்பாளர்கள் அதற்கு ஒரு வழி கண்டார்கள். ஜெரி அடம்ஸ் வாயசைக்க, அவர் சொன்னதை ஒரு நடிகர் பின்னணியில் பேசினார். இப்படியே கிட்டத்தட்ட ஆறு வருடங்கள் போயின.

தடை இன்னும் நடைமுறையில் இருந்த 1994இன் தொடக்கத்தில் பிபிசியின் இரண்டாம் அலைவரிசையில் 'த டே டுடே' என்ற செய்திக் கேலி நிகழ்ச்சி வந்தது. அதில் ஒரு சின் பெயின் அரசியல்வாதி தோன்றுகிறார். அவர் பேச்சின் நம்பகத்தன்மையைக் குறைப்பதற்காக ஹீலியம் வாயுவை உள்ளிழுத்துவிட்டே பேசவேண்டும் என்பது விதி. மனிதர் மிகத் தீவிரமான முகத்தோடு கீச்சுக் குரலில் அரசியல் பேசுகிறார். தடையை எதிர்த்து எழுதப்பட்ட எத்தனையோ தலையங்கங்கள் சொன்னதை அந்த ஒரு காட்சி சொல்லிவிட்டது. அதே வருடம் செப்டெம்பரில் தடை நீக்கப்பட்டது. நீக்கியது போர்நிறுத்தமும் அரசியலும்தான், பகிடி அல்ல. ஆனால் அரசின் உத்தரவுக்குக் கட்டுப்பட்ட நிறுவனமே அந்த உத்தரவைக் கேலி செய்ய முடிந்தது என்பதைக் கவனியுங்கள்.

1995இல் பிபிசி வட அயர்லாந்து 'இரண்டு போர்நிறுத்தங்களும் ஒரு கலியாணமும்' என்ற பொருள்படும் ஒரு நகைச்சுவைப் படத்தை ஒளிபரப்பியது. பெல்பாஸ்டின் தீவிரக் குடியரசுவாதக் குடும்பம் ஒன்றின் மகள், எதிர்த்தரப்பின் காவல்துறைக்காரன் ஒருவனைக் காதலிக்கிறாள். இந்தக் கதைதான் 1998 முதல் 'கிவ் மை ஹெட் பீஸ்' என்ற நீண்ட தொடரானது. அந்தத் தலைப்பு அந்த ஊர்ப் பேச்சு வழக்கு. நம் வழக்கில் சொன்னால், "என்ர தலையைத் தின்னாதேங்கோ." எழுதியவர்களும் நடித்தவர்களும் பெல்பாஸ்ட் மேடைகளில் வளர்ந்த உள்ளூர்க் குழுவினர். தகப்பன் பாத்திரத்தின் வாய்வீரத்தையும், மறுதரப்பு மாமனின் வாய்வீரத்தையும் ஒரே அளவாகக் கிண்டல் செய்தார்கள். இலக்கு இரு தரப்பிலும் வீரம் பேசுபவர்கள்தான். மகனைப் பறிகொடுத்த தாய் அல்ல.

டெரி வீட்டின் உள்ளே

'டெரி கேர்ள்ஸ்' எழுதிய லீசா மக்கீ டெரியில் பிறந்து வளர்ந்தவர். முதல் அத்தியாயத்திலேயே பாலத்தில் குண்டு வைக்கப்பட்டிருப்பதாகச் செய்தி வருகிறது. வீட்டில் ஒருவரும் பதறவில்லை. முழு விடுமுறையும் வீட்டில் நின்ற பிள்ளைகள் இன்றும் பள்ளிக்கூடம் போகாமல் நின்றுவிடுவார்களோ என்பது தாயின் கவலை. அழகு நிலையத்துக்குப் போகமுடியாமல் போய்விடுமோ என்பது சித்தியின் கவலை.

இதைப் பார்த்தபோது எனக்கு வியப்பு வரவில்லை, வீட்டு ஞாபகம்தான் வந்தது. பொருளாதாரத் தடைக்காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டு மிதித்து, டைனமோவில் வானொலி கேட்ட யாழ்ப்பாணத்தாருக்கு இந்த மனநிலை புதிதல்ல. ஷெல் விழுந்து ஓய்ந்ததும் பங்கருக்கு வெளியே வந்து, அடுப்பில் வைத்த சோறு அடிப்பிடித்ததற்குச் சண்டை பிடித்த அம்மாக்களை நாம் அறிவோம். அந்த அம்மாக்களுக்குப் பயம் இருந்தது. ஆனால் நாள் முழுவதும் பயந்துகொண்டிருக்க ஒருவராலும் முடியாது, சோறும் கறியும் ஆகவேண்டும். போர்க்காலத்து வாழ்க்கை பற்றி ஆவணப்படங்கள் பெரும்பாலும் தவறவிடும் உண்மை இது. தொடரின் பெரும்பாலான சிரிப்பு இங்கிருந்துதான் வருகிறது.

இரண்டாம் பருவத்தின் முதல் அத்தியாயத்தில் கத்தோலிக்க மாணவிகளையும் புரட்டஸ்தாந்து மாணவர்களையும் நட்பாக்க ஒரு முகாம் நடக்கிறது. கரும்பலகையில் இரு தரப்புக்கும் பொதுவானவற்றை எழுதச் சொல்கிறார் பாதிரியார். ஒன்றும் அகப்படவில்லை. வேறுபாடுகளோ கடகடவென்று வந்து பலகையை நிரப்புகின்றன, அவற்றில் பாதி சுத்தப் பைத்தியக்காரத்தனமானவை. நமது ஊர்களில் அரச சார்பற்ற நிறுவனங்கள் நடத்திய நல்லிணக்கப் பட்டறைகளில் இருந்தவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்தால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். வண்ணத் தாள், மார்க்கர் பேனா, குழு விளையாட்டு, மதியம் பிரியாணி, கடைசியில் ஒரு குழுப்படம். அந்தக் கரும்பலகை பெல்பாஸ்டில் உள்ள அல்ஸ்டர் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது. அந்த மக்கள் தங்கள் வரலாற்றின் ஒரு துண்டாகவே அதை எடுத்துக்கொண்டார்கள்.

சிரிப்பு நிற்கும் இடம்

என் பார்வையில் தொடரின் உண்மையான பலம், அது சிரிப்பை எங்கே நிறுத்துகிறது என்பதில் இருக்கிறது. முதல் பருவத்தின் இறுதிக் காட்சியில் பள்ளி மேடையில் ஒருத்தி தனியாக ஆட, சபை அவளைப் பார்த்துச் சிரிக்கிறது. அவளைத் தனியே விடாமல் நண்பர்களும் மேடையேறி ஆடுகிறார்கள். அதே நேரம் வீட்டில் பெரியவர்கள் தொலைக்காட்சியில் ஒரு குண்டுவெடிப்புச் செய்தியைப் பார்த்தபடி நிற்கிறார்கள். இதுவரை ஒவ்வொரு அத்தியாயத்திலும் மருமகனை வாய் ஓயாமல் திட்டிய அம்மப்பா, ஒன்றும் பேசாமல் அவன் தோளில் கைவைக்கிறார். அங்கே ஒரு பகிடியும் இல்லை. பிள்ளைகளுக்குச் செய்தி தெரியாது, அவர்கள் ஆடிக்கொண்டே இருக்கிறார்கள்.

கடைசி அத்தியாயம் 1998 மே 22 அன்று நடந்த உடன்படிக்கை வாக்கெடுப்பைப் பற்றியது. உடன்படிக்கையின்படி போர்நிறுத்தத்தை மதித்த அமைப்புகளின் கைதிகள் விடுவிக்கப்பட வேண்டும். ஐந்து பேரில் ஒருத்தியின் அண்ணன் கொலைக் குற்றத்துக்காகச் சிறையில் இருக்கிறான். அவன் வெளியே வரலாமா கூடாதா என்பதில் உயிர்த் தோழிகள் இருவர் பிரிந்துபோகும் அளவுக்குச் சண்டை வருகிறது. ஒருத்திக்கு அவன் அண்ணன். மற்றவளுக்கு அவனால் செத்தவனும் ஒரு வீட்டுப் பிள்ளை. எழுத்தாளர் தீர்ப்புச் சொல்லவில்லை. வட அயர்லாந்து மக்களில் 71 வீதத்தினர் உடன்படிக்கைக்கு ஆதரவாக வாக்களித்தார்கள், 400க்கும் மேற்பட்ட கைதிகள் வெளியே வந்தார்கள். பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடிக்கப்பட்டு வருடக்கணக்காகச் சிறையில் கிடக்கும் நம் உறவுகளின் பெயரைத் தேர்தல் மேடைகளில் மட்டும் கேட்கும் நமக்கு, ஒரு நகைச்சுவைத் தொடர் இந்தக் கேள்வியை வீட்டு முற்றத்துக்குக் கொண்டுவந்தது சிறிய விடயமல்ல.

மறுத்த பார்வையாளர்கள்

சனல் 4 எல்லாவற்றிலும் வென்றுவிடவில்லை. 2015இன் தொடக்கத்தில், 1840களின் அயர்லாந்துப் பெரும் பஞ்சத்தைக் களமாகக் கொண்ட 'ஹங்ரி' என்ற நகைச்சுவைத் தொடருக்குக் கதை எழுதப்படுவதாகத் தெரியவந்தபோது அயர்லாந்து கொதித்தது. ஏறக்குறைய பத்து இலட்சம் பேர் செத்த, இன்னும் அத்தனை பேர் நாட்டைவிட்டுப் போன பஞ்சம் அது. பல்லாயிரக்கணக்கானோர் மனுவில் ஒப்பமிட்டார்கள். தொடர் வரவேயில்லை. அதை எழுத இருந்தவரும் ஓர் அயர்லாந்துக்காரர்தான்.

ஆகவே "பாதிக்கப்பட்ட இனத்தவர் எழுதினால் சரி" என்ற எளிய விதி போதாது. டெரி தொடரில் சிரிப்பவர்கள் அந்தக் காலத்தை வாழ்ந்து, அன்றும் சிரித்தவர்கள். பஞ்சத்தில் செத்தவர்களின் சிரிப்பை நமக்குச் சொல்ல ஒருவரும் மிஞ்சவில்லை. அந்த இடத்தில் வெளியிலிருந்து சிரிப்பைக் கொண்டுபோய் வைக்க மக்கள் அனுமதிக்கவில்லை. அப்படி மறுக்கும் உரிமை அவர்களுக்கு இருந்ததும், ஒளிபரப்பு நிறுவனம் அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருந்ததும் பொது ஒளிபரப்பின் ஒரு பகுதிதான்.

நமக்குப் பொருந்தாதவை

'டெரி கேர்ள்ஸ்' மீது எனக்கும் விமர்சனம் உண்டு. கதை பெரும்பாலும் கத்தோலிக்க வீட்டின் யன்னல் வழியாகவே தெரிகிறது. 90களின் பாடல்களும் உடைகளும் சேர்ந்து அந்தக் காலத்துக்கு ஒரு இனிப்புப் பூச்சைக் கொடுத்துவிடுகின்றன. ஆயுதக் குழுக்களால் கடத்திக் கொல்லப்பட்டு இரகசியமாகப் புதைக்கப்பட்டவர்களின் எச்சங்களைத் தேட 1999இல் அங்கே ஓர் ஆணைக்குழுவே அமைக்கப்பட்டது. தொடரின் சிரிப்பு அந்தப் பக்கம் போகவில்லை.

முதல் அத்தியாயத்தில் இன்னொரு இடம். பள்ளிப் பேருந்தில் ஆயுதத்தோடு ஒரு சிப்பாய் ஏறுகிறான். மாணவி ஒருத்தி தோழியிடம் அவனைப் பற்றிப் பாலியல் தொனியில் பகிடி விடுகிறாள். டெரிப் பார்வையாளர் சிரிக்கலாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 1996 செப்டெம்பர் 7 அன்று பரீட்சை எழுதிவிட்டுச் சைக்கிளில் வீடு திரும்பிய கிருஷாந்தி குமாரசுவாமி செம்மணிச் சாவடியில் மறிக்கப்பட்டார். அவருக்கும் அவரைத் தேடிப்போன தாய்க்கும் தம்பிக்கும் அயலவருக்கும் நடந்தது நமக்குத் தெரியும். 2025இல் செம்மணி மண்ணை மறுபடி தோண்டியபோது குழந்தைகளின் எலும்புகளும் வெளியே வந்தன. சாவடியில் நிற்கும் சிப்பாயும் பள்ளிச் சீருடையும் ஒரே காட்சியில் வரும் பகிடியை நம்மால் எழுத முடியாது, இன்று முடியாது.

இன்னொரு வித்தியாசம் காலம். 1972 ஜனவரி 30 அன்று டெரியில் பிரித்தானிய இராணுவம் நிராயுதபாணி ஊர்வலத்தினரைச் சுட்டது. 13 பேர் அன்றே இறந்தனர், காயப்பட்ட இன்னொருவர் பின்னர் இறந்தார். முதல் விசாரணை இராணுவத்துக்கு வெள்ளையடித்தது. குடும்பங்கள் விடவில்லை. 1998இல் புதிய விசாரணை தொடங்கி, 2010 ஜூனில் அறிக்கை வெளியானது. அன்றைய பிரதமர் நாடாளுமன்றத்தில் எழுந்து அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். 38 வருடங்கள் சென்றன, ஆனாலும் சொல்லப்பட்டது. அதற்கு எட்டு வருடங்களுக்குப் பிறகுதான் டெரியின் சிரிப்பு உலகத்துக்குப் போனது. அங்கும் எல்லாக் குடும்பங்களுக்கும் நீதி கிடைக்கவில்லை. 2023இல் கொண்டுவரப்பட்ட சட்டம் பழைய வழக்குகள் பலவற்றின் கதவை மூடப் பார்த்தது. என்றாலும் ஓர் அரசு தன் வாயால் ஒரு கொலையை ஒப்புக்கொண்ட ஊர் அது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தெருவில் அமர்ந்த தாய்மாருக்கு அப்படியொரு சொல் இன்னும் கிடைக்கவில்லை. பதில் கிடைக்காமலே அவர்களில் பலர் இறந்துபோனார்கள்.

நம்மிடமும் இருந்தது

இப்படியெல்லாம் சொன்னால் நமக்குச் சிரிப்பே வேண்டாம் என்று பொருளாகாது. 1970களில் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தில் 'கோமாளிகள் கும்மாளம்' கேட்க ஊரே வானொலிப் பெட்டியைச் சுற்றி இருந்தது. எஸ். ராம்தாஸின் மரைக்கார், ரி. ராஜகோபாலின் அப்புக்குட்டி, பி. எச். அப்துல் ஹமீதின் ஐயர், எஸ். செல்வசேகரனின் உபாலி. நாலு விதமான தமிழ் ஒரே வீட்டுக்குள் மோதிக்கொண்டது. முஸ்லிம் தமிழ், யாழ்ப்பாணத் தமிழ், பிராமணத் தமிழ், சிங்களவர் பேசும் தமிழ். 1976இல் அது 'கோமாளிகள்' என்று திரைப்படமாகவும் வந்தது. கே. எஸ். பாலச்சந்திரனின் 'அண்ணை றைட்' தனிநடிப்பில் பேருந்து நடத்துநர் ஒருவரை வைத்தே ஒரு சமூகத்தைக் காட்டினார். கரும்பலகையும் மார்க்கர் பேனாவும் இல்லாமலே இவை நம்மை ஒருவரோடொருவர் பழக வைத்தன. பொதுப் பணத்தில் இயங்கிய வானொலியிலேயே தமிழில் அப்படியொன்று நடந்திருக்கிறது.

பிறகு போர் வந்தது, கலைஞர்கள் சிதறினார்கள், பயம் வந்தது. பிபிசிக்குச் செய்தி அனுப்பிய நிமலராஜன் 2000 ஒக்டோபர் 19 அன்று யாழ்ப்பாணத்தில் தன் வீட்டிலேயே கொல்லப்பட்டார். செய்தி எழுதியவருக்கே அந்தக் கதி என்றால் அதிகாரத்தைப் பகிடி பண்ணுபவருக்கு என்ன உத்தரவாதம்? இன்று நம் பிள்ளைகள் முகநூலில் பகிர்வது பெரும்பாலும் வடிவேலுவின் முகம். வடிவேலு மீது எனக்குக் கோபமில்லை. ஆனால் சென்னையில் எழுதிய வசனத்துக்குள் நம் பங்கரும் பாஸ் நடைமுறையும் முகாம் வரிசையும் எப்படி வரும்?

யாரிடம் என்ன கேட்பது?

நண்பர்கள் சிலருக்கு டெரி தொடரைக் காட்டினேன். ஒருவர் விழுந்து விழுந்து சிரித்தார். வன்னியிலிருந்து கடைசி நாட்களில் வெளியே வந்த இன்னொருவர் பாதியில் எழுந்து போய்விட்டார். இரண்டும் நியாயமே. சிரிக்க வேண்டும் என்று ஒருவரையும் கட்டாயப்படுத்த முடியாது. சிரிக்கக் கூடாது என்றும் கட்டளையிட முடியாது.

ஆனால் அரச தொலைக்காட்சியிடம் நாம் கேட்கக் கூடியவை உண்டு. அது நடப்பது நமது வரிப்பணத்திலும்தான். தமிழ் அலைவரிசை என்பது சிங்களச் செய்தியின் மொழிபெயர்ப்பும் இந்தியத் திரைப்பாடலும் மட்டுமாக இருக்க வேண்டியதில்லை. வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் இருந்து எழுதுபவர்களுக்கு அவரவர் பேச்சுத் தமிழிலேயே ஒரு தொடர் எழுத வாய்ப்புக் கொடுக்கலாம். எழுதியதை அமைச்சிடம் காட்டி அனுமதி வாங்கும் வழக்கம் இருக்கக் கூடாது. அரசையும் இராணுவத்தையும் நம் தலைவர்களையும் இயக்கங்களையும் நம்மையும் கேலி செய்யும் சுதந்திரம் அதில் இருக்கவேண்டும். நல்லிணக்கம் என்ற பெயரில் எல்லோரும் சேர்ந்து சிரிக்கும் ஒரு விளம்பரத்தை எடுத்து ஒளிபரப்பினால் அது பகிடி அல்ல, அது மறக்கச் சொல்லும் உத்தரவு.

எழுதப் போகும் இளையவர்களுக்கும் டெரியில் ஒரு பாடம் இருக்கிறது. நாம் வாழ்ந்ததை வைத்துச் சிரிக்கலாம், செத்தவர்களை வைத்து அல்ல. சிரிப்பை நிறுத்தவேண்டிய இடத்தை யாரும் விதி எழுதித் தரமாட்டார்கள், அது எழுதுபவரின் பொறுப்பு. 2019 முதல் டெரியில் ஒரு மதுச்சாலைச் சுவரில் அந்த ஐந்து பிள்ளைகளின் பெரிய ஓவியம் இருக்கிறது. அங்கிருந்து நடக்கும் தூரத்தில், 1972இல் சுடப்பட்டவர்களின் ஓவியங்களும் நினைவுத்தூணும் இருக்கின்றன. ஒன்று வந்ததற்காக மற்றதை யாரும் அழிக்கவில்லை. நமது ஊர்களில் துயிலும் இல்லங்கள் இடிக்கப்பட்டுக் கிடக்கின்றன, நினைவேந்தலுக்கு விளக்கேற்றுபவரை விசாரணைக்கு அழைக்கிறார்கள். அழுவதற்கு இடம் தராத அரசு சிரிப்பதற்கு மட்டும் இடம் தந்தால் அதை நாம் ஏற்க முடியாது. இரண்டையும் சேர்த்தே கேட்போம்.